அரியர் விழுந்த ஃபிளாஷ் ரீட் கேள்வி, இந்தத் தடவை பாஸ்

போன வாரம் ரிசல்ட் வந்தது, எம்பெடட் லினக்ஸ் பேப்பர் பாஸ். முதல் தடவை அரியர் விழுந்தபோது சேலத்திலிருந்து ஏற்காடு போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன், அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், அடுத்து எழுதப் போகிறவர்களுக்கு உதவும்.

நேண்ட் ஃபிளாஷிலிருந்து (கரண்ட் போனாலும் டேட்டாவை வைத்திருக்கும் மெமரி சிப்) கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எப்படிப் படிக்கிறது என்ற 13 மார்க் கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. அடுக்குகள், படம், நார் (இன்னொரு வகை ஃபிளாஷ்) நேண்ட் வித்தியாசம் எல்லாம் சரியாகவே எழுதியிருந்தேன். கடைசியில், எம்டிடி (கெர்னலில் ஃபிளாஷைக் கையாளும் அடுக்கு) ரீட், ஈயூகிளீன் என்ற குறியைத் திருப்பினால் ரீட் தோற்றது, அப்ளிகேஷனுக்குப் பிழை போகும் என்று எழுதிவிட்டேன். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால் அந்த வரியின் கீழ் சிவப்புக் கோடு.

ஈயூகிளீன் வந்தால் டேட்டா நல்ல டேட்டா. சில பிட்டுகள் புரண்டிருந்தன, ஈசிசி (பிழை திருத்தும் முறை) அவற்றைத் திருத்திவிட்டது, ஆனால் திருத்திய எண்ணிக்கை பிட்ஃபிளிப் த்ரெஷோல்டை (எச்சரிக்கை எல்லையை) தொட்டுவிட்டது, இந்த பிளாக்கை (பல பக்கங்கள் சேர்ந்த தொகுதி) இனி நம்பாதே என்கிறது கெர்னல். அப்பா எஸ்டேட்டில் காப்பி மூட்டை அடுக்குகிறவர். அடியில் ஈரம் ஏறிய மூட்டையைப் பார்த்தால் கொட்டையைத் தூக்கி எறிய மாட்டார், உடனே வேறு சாக்குக்கு மாற்றுவார். யூபிஐ (பணம் அனுப்புகிற யூபிஐ இல்லை, எம்டிடிக்கு மேல் உட்காரும் அடுக்கு) செய்வதும் அதுதான்: டேட்டாவை மேலே கொடுத்துவிட்டு, அந்த பிளாக்கை ஸ்க்ரப் (இடமாற்ற) வரிசையில் போடுகிறது, பின்னணி த்ரெட் அதிலுள்ள டேட்டாவை வேறு பிளாக்குக்கு மாற்றுகிறது. திருத்தவே முடியாத பிழைக்கு ஈபேட்எம்எஸ்ஜி என்று தனிக் குறி இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பினால் மீதி எவ்வளவு எழுதினாலும் வீண் என்பது என் எண்ணம்.

அடுத்த அடி பிராக்டிகலில். டிடி (பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும்) கட்டளையால் எம்டிடி டிவைஸிலிருந்து ஒரு ஃபைல் எடுத்துக் காட்டி, பிழை எதுவும் வரவில்லை, படித்தாகிவிட்டது என்றேன். அது சரியான டேட்டா என்று எப்படித் தெரியும் என்று எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கேரக்டர் டிவைஸ் (டிடி படித்த அந்த எம்டிடி டிவைஸ் ஃபைல்) வழியாகப் படித்தால், திருத்த முடியாத ஈசிசி பிழை இருந்தாலும் கெர்னல் பைட்டுகளைக் கொடுத்துவிடும், ரீட் வெற்றி என்றே திரும்பும். கெட்டுப்போன பகுதியையும் டம்ப் எடுக்க முடிய வேண்டும் என்று வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது. நிஜ நிலவரம் ஈசிசி எண்ணிக்கையில்தான் தெரியும், நேண்ட்டம்ப் என்ற கட்டளை அதைப் பார்த்துச் சொல்லும், டிடி சொல்லாது. அப்புறம் டிடிக்கு பேட் பிளாக்கை (கெட்டுப்போன பிளாக்கை) தாண்டத் தெரியாது.

இரண்டாவது தடவை என் லேப்டாப்பிலேயே நேண்ட்சிம் என்ற கெர்னல் மாட்யூலை ஏற்றிப் பழகினேன், போர்டு தேவையில்லை, ராமிலேயே ஒரு பொய் நேண்ட் கிடைக்கும். வெறும் பக்கத்தைப் படித்தால் ஒன்றும் நடக்காது, முதலில் எதையாவது எழுதி வையுங்கள். நேண்ட்சிம்மின் பிட்ஃபிளிப்ஸ் (பிட்டைப் புரட்டும்) அளவுருவுக்கு 1 கொடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தால், சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ஃபைல்கள்) கரெக்டட் பிட்ஸ் எண் மெல்ல ஏறும். அது ஏறுவதைக் கண்ணால் பார்த்த இரவுதான் எனக்கு இந்தப் பாடம் புரிந்தது, அன்றைக்கு மழை, கரண்ட் போய் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குப் படித்துக்கொண்டே இருந்தால் மனதில் நிற்காது, கையால் எழுதினால்தான் நிற்கும். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எண் பலகை இருக்கிறது இல்லையா, இறங்கும்போது வளைவுக்கு ஒன்றாக ரீட் பாதையைச் சொல்லிப் பார்ப்பேன்: அப்ளிகேஷன், விஎஃப்எஸ் (எல்லா ஃபைல் சிஸ்டத்துக்கும் பொதுவான அடுக்கு), பேஜ் கேஷ் (படித்ததை ராமில் வைக்கும் இடம்), யூபிஐஎஃப்எஸ் (யூபிஐ மேல் ஓடும் ஃபைல் சிஸ்டம்), யூபிஐ, எம்டிடி, நேண்ட் டிரைவர், சிப். அடிவாரம் வருவதற்குள் இரண்டு சுற்று முடிந்துவிடும்.

மற்றவை சுருக்கமாக:

- பென்டிரைவ், எஸ்டி கார்டு, ஈஎம்எம்சி எதுவும் எம்டிடி இல்லை. உள்ளே இருக்கும் கன்ட்ரோலரே எஃப்டிஎல் (ஃபிளாஷை சாதாரண டிஸ்க் போலக் காட்டும்) வேலையைச் செய்துவிடுகிறது, கெர்னலுக்கு அது வெறும் பிளாக் டிவைஸ். உதாரணத்துக்கு பென்டிரைவை எழுதிவிடாதீர்கள்.
- ஒரு கணக்கு மனப்பாடம் போதும்: 2048 பைட் பக்கம், அதோடு 64 பைட் ஓஓபி (ஈசிசி போன்றவை வைக்கும் கூடுதல் இடம்), 64 பக்கம் சேர்ந்து ஒரு பிளாக், 128 கிலோபைட்.
- நாரிலிருந்து நேராகவே புரோகிராமை ஓட்டலாம். நேண்டில் பக்கம் பக்கமாகத்தான் எடுக்க முடியும், ராமுக்குக் கொண்டுவந்தே ஓட்ட வேண்டும்.
- படிப்பதும் நேண்டில் உள்ள டேட்டாவைக் கெடுக்கலாம். ஒரு பக்கத்தைப் படிக்கும்போது அதே பிளாக்கில் மற்ற பக்கங்களின் வேர்ட்லைன்கள் (செல் வரிசைகளை இணைக்கும் கம்பிகள்) மீதும் மின்னழுத்தம் ஏறும், பல முறை ஆனால் பிட் புரளும். ரீட் டிஸ்டர்ப் என்ற பெயரை மட்டும் எழுதாமல் இந்தக் காரணத்தையும் எழுதுங்கள்.
- வரலாறு கேட்டால் ஜேஎஃப்எஃப்எஸ்2 (ஃபிளாஷுக்கான பழைய ஃபைல் சிஸ்டம்) 2001, யூபிஐ 2007, யூபிஐஎஃப்எஸ் 2008. இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.
- பிட்ஃபிளிப் த்ரெஷோல்டை 0 ஆக்கினால், பெரிய பிழை இல்லாத ஒவ்வொரு ரீடுக்கும் ஈயூகிளீன் வரும். ஈசிசி வலிமையை விட அதிகமாக வைத்தால் ஒருபோதும் வராது. இந்தத் தடவை வைவாவில் முதல் கேள்வியே இதுதான், கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.