முதல் கீமோ: 21 நாள் குறிப்பு

மார்ச் 3
டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தை நர்ஸ் பெரிய சிரிஞ்சில் எடுத்துவந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து மெதுவாக ஏற்றினார். ரத்தச் சிவப்பு. ஊசி குத்திய இடம் எரிந்தால் அந்த நிமிஷமே சொல்லுங்கள் என்றார். சிறுநீர் ஓரிரு நாள் சிவப்பாகப் போகும் என்றும் சொல்லிவைத்தார். சாயங்காலம் அப்படியே போனது. முன்பே தெரிந்திருந்ததால் பதறவில்லை.

மார்ச் 4
ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, முகமெல்லாம் சூடு. ஸ்டீராய்டு மாத்திரையின் வேலையாம். இனி காலையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும்.

மார்ச் 7
வாந்தி இல்லை. ஆனால் நாலு நாளாக மலம் போகவில்லை, வயிற்று வலி தாங்கவில்லை. போன் போட்டுக் கேட்டேன். வாந்தியை அடக்கும் ஒண்டான்செட்ரான் குடலையும் மந்தமாக்குமாம். இதை யாருமே சொல்லவில்லை என்று கோபம் வந்தது. சிறுநீர் நிறம் மாறுவதைச் சொன்னவர்கள் இதையும் சொல்லியிருக்கலாமே.

மார்ச் 10
கன்னத்தின் உள்பக்கம் புண். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் மருந்து தாக்குகிறது. வாயின் உள்தோலும் முடியின் வேரும் எலும்பு மஜ்ஜையும் அந்த வகைதான். உப்பும் சமையல் சோடாவும் கரைத்த தண்ணீரில் கொப்பளிக்கிறேன். எதைத் தின்றாலும் இரும்பு ருசி. பிளாஸ்டிக் ஸ்பூனில் சாப்பிட்டால் கொஞ்சம் பரவாயில்லை.

மார்ச் 13
ராத்திரி 2 மணிக்குக் குளிர் உதறியது. தெர்மாமீட்டரில் 100.8. ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியும்வரை பார்க்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்காரர்தான் கார் சாவியை எடுத்துவிட்டார். 100.4 தொட்டாலே கிளம்பி வர வேண்டும், மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும் என்று டாக்டர் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. போனவுடன் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருந்தன. கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் இப்படி இறங்குமாம். அந்த நாள்களில் சாதாரணக் காய்ச்சல் என்று எதையும் விட்டுவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மார்ச் 17
வீட்டுக்கு வந்துவிட்டேன். அசதி மட்டும்தான்.

மார்ச் 19
தலையணை முழுக்க முடி. எதிர்பார்த்ததுதான், இருந்தும் அழுதேன். அப்புறம் மகளே மெஷின் வைத்து மழித்துவிட்டாள்.

மார்ச் 24
இரண்டாவது சுற்று. ரத்த எண்ணிக்கை ஏறியிருக்கிறது. இந்த முறை வெள்ளை அணுக்களைக் கூட்ட ஊசி போடுகிறார்கள், எலும்பு வலிக்குமாம். மலமிளக்கியை இன்றைக்கே தொடங்கிவிட்டேன். காலண்டரில் அணுக்கள் இறங்கும் நாள்களை, மார்ச் 30 முதல் ஏப்ரல் 6 வரை, சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன். தெர்மாமீட்டர் தலைமாட்டில்.