உள்ளே போன நாளிலிருந்தே

சிறையிலிருந்து வெளியே வருபவருக்கு உதவி என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது வேலைதான். சிங்கப்பூரில் அது ஓரளவுக்கு நடக்கவும் செய்கிறது. முன்னாள் கைதிகளுக்கு மறுவாய்ப்புக் கேட்கும் மஞ்சள் ரிப்பன் திட்டம் 2004ல் தொடங்கிய பிறகு முதலாளிகள் பலர் முன்வந்திருக்கிறார்கள். சிறைக்குள் இருக்கும்போதே தொழிற்பயிற்சி கிடைக்கிறது. வேலை அவசியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குடும்ப சேவை நிலையத்தில் சமூக ஊழியராக இத்தனை காலம் பார்த்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. அவர் உள்ளே இருக்கும் காலத்தில் அவருடைய வீடு கலையாமல் இருக்க வேண்டும். அந்த வேலையை அக்கம்பக்கத்தார்தான் செய்ய முடியும்.

2010ல் வந்த மஞ்சள் ரிப்பன் சமூகத் திட்டம் அதற்காகவே ஏற்பட்டது. உள்ளே போகிறவர் சம்மதித்தால், அவர் வீட்டுக்கு அந்த வட்டாரத் தொண்டூழியர்கள் போய் விசாரிப்பார்கள். சம்பாதித்தவர் இல்லாமல் போனதும் வாடகை நிற்கும், மின்சாரக் கட்டணம் நிற்கும், பிள்ளையின் துணைப்பாட வகுப்பு நிற்கும். எந்த உதவிக்கு அரசாங்கத்தின் சமூக சேவை அலுவலகம், எதற்கு இந்தியர்களுக்கான சுயஉதவி அமைப்பான சிண்டா என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. தெரிந்தாலும் போய்க் கேட்கக் கூச்சம்.

ஒரு பாட்டியின் வீட்டைச் சொல்கிறேன். மகன் போதைப்பொருள் வழக்கில் உள்ளே. மருமகள் முன்பே பிரிந்து போய்விட்டார். பேரப்பிள்ளைகள் இருவரும் பாட்டியிடம். அங்கே போன தொண்டூழியர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மலாய்க்காரர். தமிழ் ஆளாகப் பார்த்து அனுப்பியிருக்கலாமே என்று எனக்கு உள்ளூர ஒரு தயக்கம் இருந்தது. பாட்டி மரக்கதவைத்தான் திறந்தார். இரும்புக் கதவு பூட்டியே இருந்தது. பக்கத்து வீட்டார் பார்க்கிறார்களே என்ற பயம். தொண்டூழியர் அவசரப்படவில்லை. நடைபாதையில் வைத்திருந்த கறிவேப்பிலைச் செடியைப் பற்றி மலாயில் பேச்சுக் கொடுத்தார். அந்தத் தலைமுறைத் தமிழர்களுக்கு மலாய் சரளமாக வருமே, பாட்டியும் பேசத் தொடங்கிவிட்டார். "மக்சிக், சுடா மக்கான்?" என்று சாப்பாட்டை விசாரித்துக்கொண்டே அவர் அந்த வீட்டு மனிதராகிப்போனார்.

வீட்டுக்குள் போனபிறகுதான் தெரிந்தது, ஆங்கிலத்தில் வந்த கடிதங்கள் பிரிக்காமலேயே ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. வாடகை பாக்கிக்கான எச்சரிக்கையும் அதில் ஒன்று. அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். எங்கள் நிலையத்துக்கும் அவர்தான் பாட்டியை அழைத்து வந்தார். தவணைக்கு ஏற்பாடு செய்தோம், பள்ளி நிதியுதவிக்கு விண்ணப்பித்தோம். வீடு கையைவிட்டுப் போகவில்லை.

சிறையிலிருந்து வந்த மகன் முதலில், சிறைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட தங்குமிடமான இடைக்கால இல்லத்திலும் பிறகு வீட்டிலுமாகக் கண்காணிப்பில் இருந்தார். கணுக்காலில் மின்னணுப் பட்டை. அதை மறைக்க இந்த வெயிலிலும் முழுக்கால்சட்டைதான். கிடங்கில் வேலை கிடைத்தது. பகல் பொழுது எப்படியோ ஓடிவிடும். சாயங்காலம்தான் கஷ்டம். பழைய கூட்டாளிகளிடம் போகக்கூடாது, புதிதாகப் பேசவோ ஆள் இல்லை, பிள்ளைகள் கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவார்கள். அந்த நேரங்களில் மலாய்ப் பெரியவர் வந்து அவரைக் கீழே காப்பிக்கடைக்கு அழைத்துப்போவார். "அக்கா, நான் என்ன செஞ்சேன்னு அங்கிள் ஒரு நாளும் கேட்டதில்ல. எங்கம்மா மருந்து சாப்பிட்டாங்களான்னுதான் கேப்பாரு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். குற்றத்தைப் பற்றி விசாரிக்காதீர்கள் என்று புதிய தொண்டூழியர்களிடம் நானும் சொல்வதுண்டு. அதை இவ்வளவு இயல்பாகச் செய்தவரை நான் வேறு பார்த்ததில்லை.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது. கணவர் திரும்பி வரவே வேண்டாம் என்ற மனைவிகளையும் சந்தித்திருக்கிறேன். அடிபட்டவர்கள், கடனில் மூழ்கியவர்கள். அவர்களிடம் போய் 'மன்னித்து ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று யாரும் சொல்லக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அவரைச் சேர்த்துக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கவேண்டிய உதவி கிடைத்தே ஆகவேண்டும். வெளியே வருபவருக்கு வேறு இடம் தேடித் தருவது எங்கள் பொறுப்பு.

இன்னொரு கவலையும் இருக்கிறது. 1998ல் விடுதலையானவர்களில் 44 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுக்குள் திரும்பச் சிறைக்குப் போனார்கள். இப்போது அது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஐந்தாண்டுக் கணக்கு எடுத்தால் இந்த எண்ணிக்கை கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. பட்டை கழன்று, கண்காணிப்பு முடிந்து, அதிகாரிகளின் கோப்பும் மூடப்பட்ட பிறகு பலர் சறுக்குகிறார்கள். மூன்றாம் ஆண்டில் வேலை போகலாம், அம்மா இறந்துபோகலாம். அப்போது போன் செய்ய ஒருவர் வேண்டும்.

அதனால் இப்போதெல்லாம் சமூக மன்றத்தில் தொண்டூழியம் செய்ய வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பல குடும்பங்களை எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரே ஒரு குடும்பம் போதும், ஆனால் ஐந்தாண்டு வருவீர்களா? சிலர் யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விடுகிறார்கள். சரி என்று உட்காருபவர்களும் இருக்கிறார்கள்.