ஒரே கம்பெனி, இரண்டு பதில்: திருப்பூரில் வேலை நிலைமை ஆய்வுக்குப் போன அனுபவம்

2023-ம் ஆண்டின் முதல் பாதியில் திருப்பூர் பனியன் தொழிலில் நடந்த ஓர் ஆய்வில் களப்பணியாளராக இருந்தேன். கூலி, வேலை நேரம், விடுப்பு, சங்கம், புகார் சொல்ல வழி இருக்கிறதா என்பதையெல்லாம் கம்பெனி கம்பெனியாகக் கேட்டுப் பதிவு செய்யும் வேலை. இப்போது இதே மாதிரி ஆய்வுக்கு இறங்கும் மாணவர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் விவரம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில், இப்படி ஓர் ஆய்வு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். 2017 முதல் நடக்கும் மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு வீடுகளுக்குப் போகிறது. மாதச் சம்பளக்காரர்களிடம் எழுத்து மூலம் வேலை ஒப்பந்தம் இருக்கிறதா, சம்பளத்தோடு விடுப்பு உண்டா என்று கேட்கிறது. தொழிற்சாலைகளுக்கான ஆண்டுக் கணக்கெடுப்பு நிர்வாகத்திடம் போய் ஆள் கணக்கும் சம்பளக் கணக்கும் வாங்குகிறது. இரண்டும் தேவைதான். ஆனால் ஒரே கம்பெனியைப் பற்றி முதலாளி சொல்வதையும் அங்கே தைக்கும் பெண் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவற்றில் வழியில்லை. பிரிட்டனில் 1980-ல் தொடங்கி 1984, 1990, 1998, 2004, 2011 என்று ஆறு முறை நடந்த பணியிட ஆய்வு அதைச் செய்தது. ஒரு பணியிடத்தை எடுத்துக்கொண்டு நிர்வாகியிடமும் தொழிலாளர் பிரதிநிதியிடமும் பேட்டி எடுத்தார்கள். 1998 முதல் அங்கே வேலை செய்கிறவர்களின் கையிலும் நேரடியாகக் கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். எங்கள் ஆய்வும் அந்த அமைப்பைத்தான் பின்பற்றியது.

கேட்க எளிமையாக இருக்கும். திருப்பூரில் முதல் சிக்கலே கம்பெனிகளின் பட்டியல்தான். அப்போது நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின்படி, மின்சாரத்தில் மெஷின் ஓடும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. ஏற்றுமதிக் கம்பெனிகளின் பெயர்கள் பதிவேட்டில் கிடைத்துவிடும். ராயபுரத்திலும் வேலம்பாளையத்திலும் வீட்டு முன்னறையில் ஆறு மெஷின் போட்டு, பிறருடைய ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் (ஜாப் ஒர்க்) பவர் டேபிள்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பெரிய கம்பெனியின் ஆர்டரில் ஒரு பகுதி அங்கேதான் தைக்கப்படுகிறது. அவற்றை விட்டுவிட்டு எடுக்கும் கணக்கு பாதிக் கணக்குதான். ஆகவே குறிப்பிட்ட சில வார்டுகளில் தெருத்தெருவாக நடந்து, ஓவர்லாக் தையல் மெஷின் சத்தம் வரும் வாசல்களையெல்லாம் குறித்து நாங்களே ஒரு பட்டியல் போட்டோம். இந்த வேலைக்கு நேரம் ஒதுக்காமல் ஆய்வு தொடங்குகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்: பட்டியலில் விட்டுப்போனவர்கள்தான் பெரும்பாலும் மிக மோசமான நிலையில் இருப்பவர்கள்.

நிர்வாகத்தின் அனுமதி வாங்குவது பொறுமையைச் சோதிக்கும். கடிதம், அடையாள அட்டை, போன், மறுபடி போன். உள்ளே விட்டபிறகு எச்.ஆர். அதிகாரி கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எத்தனை பேர் வேணும்னு சொல்லுங்க மேடம், நல்லாப் பேசற ஆளா நானே அனுப்பறேன்." அதற்கு மட்டும் இணங்கவே கூடாது. மஸ்டர் ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டை வாங்கி, குறிப்பிட்ட இடைவெளியில் எண்ணி நாங்களே பெயர்களைத் தேர்ந்தெடுத்தோம். மஸ்டரைக் காட்ட மறுத்த இடத்தில் லைனில், அதாவது தையல் நடக்கும் வரிசையில், மெஷின்களை எண்ணிப் பிடித்தோம். காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள் சில இடங்களில் மஸ்டரிலேயே இருக்கமாட்டார்கள் என்பதால், லைனை எண்ணுவதுதான் உண்மையில் மேலான வழி.

அடுத்தது ஆடிட் பழக்கம். வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் தைக்கும் கம்பெனிகளில் வாங்குபவர் தரப்பிலிருந்து சமூகத் தணிக்கைக்கு ஆள் வருவது வழக்கம். கையில் அட்டை, கழுத்தில் அடையாள அட்டை, சிரித்த முகத்தோடு எது கேட்டாலும் அது ஆடிட்தான் என்று தொழிலாளிகளுக்குப் பதிந்துபோயிருக்கிறது. நான் வாயைத் திறக்கும் முன்பே ஒரு செக்கிங் அக்கா சொன்னார்: "ஆடிட்டுங்களா? எல்லாம் நல்லா இருக்குதுங்க. எட்டு மணி நேரம்தான் வேலை. ஓ.டி. கெடயாதுங்க. கேன்டீன் சுத்தமா இருக்குதுங்க." ஓ.டி. என்றால் மிகைநேர வேலை. நான் கேட்காத கேள்விகளுக்கும் பதில் வந்தது, அதுவும் வரிசை மாறாமல். அவரைப் பொய் சொல்கிறவர் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. ஆர்டர் போனால் வேலை போகும் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள், அவர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

அதனால் கம்பெனிக்குள் தொழிலாளியிடம் பேட்டியே எடுப்பதில்லை என்று முடிவானது. உள்ளே பெயரும் வசதிப்படும் நேரமும் மட்டும் கேட்டுக்கொள்வோம். விருப்பமில்லாதவரை விட்டுவிடுவோம். பேட்டி எல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில். சனிக்கிழமை இரவு கூலி கைக்கு வந்திருக்கும், மறுநாள் காலை கறியோ மீனோ எடுத்து, துணி துவைத்து, குழந்தைகளைக் குளிப்பாட்டிவிட்டு உட்காரும்போது மத்தியானம் ஆகிவிடும். அந்த நேரத்தில்தான் பேச்சு வரும். கையெழுத்து கேட்டால் மட்டும் முகம் மாறும். எதிலோ கையெழுத்துப் போட்டு ஏமாந்த கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கிறது. வாய்மொழிச் சம்மதம் போதும் என்று விதியை மாற்றிக்கொண்டோம். "கண்ணு, நீ கம்பெனி ஆளா, வெளி ஆளா?" என்று ஒரு பாட்டி என்னைக் கேட்டார். நான் சொன்ன பதிலைவிட, அவருடைய முதலாளியின் பெயரை நான் எங்கேயும் எழுதாததைப் பார்த்துத்தான் அவர் நம்பினார்.

அந்த மார்ச் மாதம் இன்னொன்றும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றையே இங்கு அனுப்பியது. காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் தொழிலாளர்கள் தங்கும் இடங்களுக்குப் போய் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாரங்களில் அறிமுகமில்லாத ஒருவர் பெயர், ஊர் கேட்டுக்கொண்டு அறை வாசலில் நிற்பதே அவர்களுக்குக் கலக்கம். வடமாநிலத்தவர் பேட்டிகளை நிறுத்திவைத்து, ஒடியா, இந்தி தெரிந்த தோழர்களோடு பிறகு போனோம். கணக்கு முடிப்பதைவிட அவர்கள் நிம்மதி முக்கியம் என்று எங்கள் குழுத் தலைவர் உறுதியாக நின்றதை இன்றும் மதிக்கிறேன்.

இனி கேள்விகள். "வேலையில் திருப்தியா?" என்று கேட்டால் நூற்றுக்கு நூறு பேர் "பரவாயில்லைங்க" என்பார்கள். அதில் எந்தத் தகவலும் இல்லை. நடந்ததைக் கேட்க வேண்டும். போன வாரம் திங்கட்கிழமை எத்தனை மணிக்கு மெஷினில் உட்கார்ந்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், செவ்வாய்க்கிழமை? நேற்று வேலை நேரத்தில் எத்தனை முறை கழிப்பறை போனீர்கள், யாரிடம் கேட்டுவிட்டுப் போனீர்கள்? கடைசியாக உடம்பு சரியில்லாமல் லீவு போட்டபோது அந்த நாளுக்குக் கூலி வந்ததா? கழிப்பறைக் கேள்வியில்தான் பல பெண்கள் பேசத் தொடங்கினார்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் இருக்கிறது, எழுந்தால் பின்னால் குவிந்துவிடும், ஆகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

வேலை நேரத்தைப் பதிவு செய்வதில் ஊர் வழக்கம் தெரியாவிட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். திருப்பூரில் பேச்சு மணியில் நடக்காது, ஷிப்ட்டில் நடக்கும். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்கு ஏறினவர் ராத்திரி வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேர வேலை. அந்த அரை ஷிப்ட்டுக்கு வழக்கமான கூலியில் பாதி சேர்த்துத் தருவார்கள். அப்போதைய தொழிற்சாலைகள் சட்டப்படி பார்த்தால் ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல், அல்லது வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் போனால் அது மிகைநேரம், இரட்டிப்புக் கூலி தரவேண்டியிருந்தது. நிர்வாகியிடம் "ஓ.டி. உண்டா?" என்றால் "இல்லை" என்பார். தொழிலாளியும் "இல்லை" என்பார். இருவரும் உண்மை என்று நம்பித்தான் சொல்கிறார்கள், ஏனென்றால் அரை ஷிப்ட்டை யாரும் ஓ.டி. என்று எண்ணுவதே இல்லை. திங்கள் முதல் சனி வரை மணிக்கணக்கில் எழுதிக் கூட்டிப் பார்த்தபிறகுதான் வாரத்துக்கு எழுபது மணி நேரம் என்றெல்லாம் தாளில் வந்தது. பீஸ் ரேட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கும் கிடையாது, தைத்ததற்குக் காசு, அவ்வளவுதான்.

நாங்கள் இதை எழுதிக்கொண்டிருந்த ஏப்ரலில்தான், 21-ம் தேதி, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்தப் பத்து நாளும் என் பேட்டிகளின் தன்மையே மாறியது. கேட்காமலே நேரத்தைப் பற்றிப் பேசினார்கள். "நாங்க இப்பவே அப்படித்தானுங்க செய்யறோம், அதைச் சட்டமா வேற போடணுமா?" என்றார் ஒரு அயர்ன் மாஸ்டர். வயதானவர்கள் 1984-ஐ நினைவுகூர்ந்தார்கள். பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் சின்னப் பையனாக நின்றவர்கள் அவர்கள். ஊருக்குப் புதிதாக வந்த இளைஞர்களுக்குச் சங்க அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியவில்லை. இந்த இடைவெளி என்னை மிகவும் வருத்தியது.

இரு தரப்புப் பதில்களையும் ஒட்டிப் பார்த்தபோது அதிகம் விலகி நின்றது புகார்க் குழு விஷயம். 2013 சட்டப்படி பத்துப் பேர் இருந்தாலே பாலியல் தொந்தரவுப் புகாருக்கு உள்குழு வேண்டும். நாங்கள் போன கம்பெனிகளில் பெரும்பாலான நிர்வாகிகள் "இருக்கிறது" என்று சொல்லி, சுவரில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பட்டியலையும் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே கம்பெனிப் பெண்களிடம் "குழுவில் இருக்கும் ஒருவர் பெயரைச் சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டோம். பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. சிலர் சூப்பர்வைசரின் பெயரைச் சொன்னார்கள். இந்த ஒரு கேள்வி நீளமான பல கேள்விகளைவிட அதிகம் சொன்னது. தொந்தரவு நடந்ததா என்று யாரையும் நேராகக் கேட்பதில்லை. வீட்டில் மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தையே திருப்பமாட்டோம்.

தாள்களைப் பாதுகாப்பதில் ஒரு விஷயம். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சின்ன யூனிட்டில் கட்டிங் மாஸ்டர் ஒருவர்தான் இருப்பார். "கட்டிங் மாஸ்டர் சொன்னார்" என்று அறிக்கையில் வந்தால் அவர் யார் என்று முதலாளிக்கு அன்றே தெரிந்துவிடும். ஆகவே தனித்து அடையாளம் தெரியக்கூடிய பதில்களை வேறு யூனிட்டுகளோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும், முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

பேட்டி முடிந்து எழும்போது எங்களை அவர்கள் கேட்ட கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "என்ற இ.எஸ்.ஐ. காசு எங்கீங்க போகுது?" இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு. அதற்குச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். ஆறு மாதக் கணக்குக் காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். சீசனுக்கு ஒரு கம்பெனி மாறுகிறவருக்கு ஒவ்வொரு இடத்திலும் புது எண் போட்டுவிடுகிறார்கள், நாட்கள் பல எண்களில் சிதறிப்போகின்றன. ஒரே பெண்ணிடம் மூன்று அட்டைகளைப் பார்த்திருக்கிறேன். எங்கள் கேள்வித்தாளில் இ.எஸ்.ஐ. உண்டா, இல்லையா என்று ஒரு கட்டம்தான் இருந்தது. இரண்டாம் கட்டப் பேட்டிகளில் எத்தனை எண், கடைசியாக எந்த எண்ணில் சந்தா ஏறியது என்று சேர்த்துக்கொண்டோம். பழைய எண்ணைப் புதுக் கம்பெனியில் சேரும்போதே சொல்லி அதையே தொடரச் சொல்லலாம், கிளை அலுவலகத்தில் மனு கொடுத்து எண்களை இணைக்கக் கேட்கலாம் என்று தமிழில் ஒரு பக்கத் தாள் அச்சடித்து, பேட்டி முடிந்த வீடுகளில் கொடுத்துவிட்டு வந்தோம்.