பிபி (பீகாக் பாஸ்) மீன்பிடிப் போட்டியில் தராசை விட்டுவிட்டுப் பலகைக்கு வாருங்கள்

சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தாய் (இப்போது பெஸ்தாரி ஜெயா) மாதிரி, செம்பனைத் தோட்டமும் பழைய ஈயச் சுரங்கக் குட்டையும் ஒட்டிக் கிடக்கிற ஊரில் இருபது பேர் சேர்ந்தால் போதும், ஒரு பிபி போட்டி நடத்திவிடலாம். ஆளுக்கு 30 வெள்ளி போட்டால் பரிசுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். தகராறு கிளம்புவது தராசில்தான். தொங்கு தராசு காற்றில் ஆடும், எண் நிற்காது. முட்டை வைத்த மீன் எடையில் முந்திக்கொள்ளும். வெயிலேறியபின் வாளித் தண்ணீரில் பீகாக் பாஸ் ரொம்ப நேரம் தாங்காது. வயிற்றில் ஈயக்குண்டு திணிக்கிற ஆட்களும் உண்டு. 2022-இல் அமெரிக்காவின் எரி ஏரிப் போட்டியில் மீனை அறுத்ததும் குண்டுகள் வந்து விழுந்தன. பாஸ் போட்டிகளை அங்கே பெரிதாக்கிய ரே ஸ்காட் 1972-லேயே பிடித்த மீனை உயிரோடு விடும் வழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டார். நாம் இன்னும் வாளியைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

நீளத்தில் அளந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். 60 செ.மீ. பலகை, ஒரு முனையில் செங்குத்தாக நிற்கும் தடுப்பு, சாயம் போகாத கோடுகள். எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பலகை கொடுங்கள். ஆளாளுக்கு ஒட்டிய ஸ்டிக்கர் அளவு நம்பத் தகுந்ததல்ல. பலகையை முதலில் நனைக்க வேண்டும். வெயிலில் காய்ந்த பலகை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். வாயை மூடி மூக்கைத் தடுப்பில் முட்டவைத்து, ஈரத் துணியால் கண்ணை மூடினால் துள்ளல் அடங்கும். வாலைக் குவித்து அளப்பதா, விரித்தபடி அளப்பதா என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அரை சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளதைக் கழித்துவிடலாம். வெற்றிக்குக் கணக்கு, மூன்று பெரிய மீன்களின் கூட்டு நீளம். சமமானால் ஒற்றை மீனில் பெரியது, அதுவும் சமமானால் முதலில் படம் அனுப்பியவர்.

படம்தான் சாட்சி, அதனால் அதில் கவனம் வேண்டும். போன் நேர் மேலே இருக்க வேண்டும். தலைப்பக்கமாகச் சாய்த்து எடுத்தால், உடம்பின் தடிமனால் சற்று உயர்ந்து நிற்கும் வால் அடுத்த கோட்டைத் தாண்டியதுபோல் தெரியும். வேண்டுமென்றே அப்படி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அன்று காலைதான் அறிவித்த எண்ணை எழுதிய அட்டை மீனோடு படத்தில் தெரியாவிட்டால் கணக்கில் சேர்க்காதீர்கள். போன வாரத்துப் படம் உள்ளே வராது.

நேரம் காலை 7.30 முதல் 11.30 வரை போதும். பிபி பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன், இருட்டில் உட்கார்ந்து பயனில்லை. குஞ்சுகளைக் காக்கும் ஜோடியைத் தொடாதீர்கள் என்று சிலர் விதி வைக்கிறார்கள். அமேசான் பக்கத்திலிருந்து வந்து நம் குட்டை மீன்களைத் தின்கிற சாதிக்கு அந்தச் சலுகை தேவையா என்பது என் சந்தேகம். விடுவதா, குழம்பு வைப்பதா என்பதைக் குட்டைக்காரர் முடிவு செய்யட்டும். ஆனால் உயிரோடு வேறு குட்டைக்குக் கொண்டுபோனவரைப் போட்டியிலிருந்தே நீக்குங்கள்.

குட்டை ஓரத்து மணல் அடியில் அரித்துப்போய் மேலே கூரையாக நிற்கும், ஓரடி தள்ளினால் ஆழமே தெரியாத தண்ணீர். விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று வீசுங்கள். மிதவைச் சட்டை போடாதவருக்கு அட்டை கொடுக்காதீர்கள்.

கருவி பெரிதாக வேண்டாம்: 6-12 பவுண்ட் ரோட், 2500 அளவு ரீல், பிஇ 1 பருமனில் பின்னல் கயிறு, 7 செ.மீ. கெவாங் (மீன் வடிவச் செயற்கை இரை). மீன் கூட்டம் நீர்மேல் கொதிக்கும்போது அதைத் தாண்டி வீசி வேகமாகச் சுருட்டுங்கள். வேகம் குறைந்தால் பின்தொடர்ந்து வரும் மீன் திரும்பிவிடும். சில கெவாங்கோடு வரும் மெல்லிய மும்முனைக் கொக்கி பெரிய மீனிடம் நிமிர்ந்துபோகும். கெட்டியான ஒற்றைக் கொக்கி மாட்டி, முள்ளைப் பிளையரால் அமுக்கிவிட்டால் கழற்றுவதும் சுலபம், மீன் பலகைக்கு வரும் நேரமும் மிச்சம். லீடர் (கயிற்று நுனியில் கெவாங்குக்கு முன் கட்டும் கெட்டி நரம்பு) 20 பவுண்டுக்குக் குறைய வேண்டாம். அதே குட்டையில் தோமான் (பெரிய விரால் வகை) இருந்தால் அதுவும் சில நேரம் போதாது. கெவாங்கை வாயில் வைத்துக்கொண்டே போய்விடும்.