காலையில் மட்டும் வந்த எரர்

நாலு மாதமாகக் கடையைத் திறந்ததும் என் முதல் வேலை கம்ப்யூட்டரில் எஃப்1 அழுத்துவதுதான். கறுப்புத் திரையில் 'சிமாஸ் செக்சம் எரர், டிஃபால்ட்ஸ் லோடட்' என்று நிற்கும்; போர்டில் சேமித்த அமைப்புகள் கெட்டுப்போய், கம்பெனி வைத்த அமைப்புகளே திரும்பிவிட்டன என்று அர்த்தம். எஃப்1 தட்டினால் விண்டோஸ் வந்துவிடும். தேதி மட்டும் 2012 ஜனவரி 1 என்று காட்டும். மாற்றிவிட்டு டைப்பிங்கில் உட்கார்ந்துவிடுவேன்.

போன திங்கட்கிழமை தேதியை மாற்ற மறந்துவிட்டேன். வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க ஓர் அம்மா வந்திருந்தார். தீப்பெட்டி ஆபீஸில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்றே வந்தது. மோடத்தை அணைத்துப் போட்டேன், பிரவுசரை மாற்றினேன். முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு அவர் எழுந்து போன பிறகுதான் மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது. ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று கணக்கு உண்டு. 2012-இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ் எதுவுமே செல்லாது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தையும் அமைப்புகளையும் காப்பாற்றும், மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரிதான் காரணம் என்று முன்பே தெரியும். சர்வீஸ்காரர் ஒருவர் புது பேட்டரி போட்டும், ஒரே வாரத்தில் எரர் திரும்பிவிட்டது. "போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்றார். நானும் அதை நம்பிக்கொண்டு பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் மதியம் ரீஸ்டார்ட் செய்தால் எரர் வருவதே இல்லையே, ஏன்? இரவு பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவது என் வழக்கம். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை, ஷட்டவுன் செய்த பிறகும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டி 5 வோல்ட்டை போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரம் அதிலேயே ஓடிவிடும். மெயினை இறக்கினால்தான் பாரம் முழுக்க அந்தப் பட்டன் பேட்டரியின் தலையில். அப்படியென்றால் போர்டு நன்றாகத்தான் இருக்கிறது, புதிதாகப் போட்ட பேட்டரிதான் சரியில்லை.

பவர் கார்டை உருவி, பக்கத் தகட்டைக் கழற்றினேன். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சின்னது, சிஆர் 2032. ஓரத்துக் கொக்கியை நகத்தால் தள்ளியதும் துள்ளி வெளியே வந்தது. பக்கத்து மொபைல் கடைத் தம்பி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தான். 2.4.

"அக்கா, புதுசுன்னா மூணுக்கு மேல காட்டணும். இது எங்கயோ வருஷக்கணக்கா கிடந்த சரக்கு."

அட்டையில் சீல் போட்டது ஒன்று வாங்கி, அங்கேயே அளந்தோம்: 3.2. ஹோல்டருக்குள் இருந்த தகட்டில் லேசாகப் பச்சை படிந்திருந்தது. பென்சில் ரப்பரால் தேய்த்துவிட்டு, பிளஸ் பக்கம் மேலே பார்க்கப் போட்டேன். பிறகு விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரையான பயாஸில் தேதி, நேரம் வைத்தேன். நீங்கள் மாற்றும்போது அங்கே சாட்டா மோடையும், அதாவது ஹார்ட் டிஸ்க்கோடு போர்டு பேசும் முறையையும், பார்த்துக்கொள்ளுங்கள். டிஃபால்ட்டுக்குத் திரும்பும்போது சில போர்டுகளில் ஏஹெச்சிஐ என்பது ஐடிஇ ஆகிவிடும், விண்டோஸ் ஏறாமல் நீலத்திரை வரும்.

இரவு மெயினை இறக்கினேன். காலையில் ஒரு எழுத்தும் வராமல் நேராக விண்டோஸ் வந்தது.

அந்த அம்மாவுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். அன்றைக்குக் கூலி போகாது. அவருக்காகக் கடையைத் திறந்தேன்; இருபது நிமிடத்தில் விண்ணப்பம் ஏறிவிட்டது. காசு வாங்கவில்லை.