கையெழுத்து அம்மாவுடையது

அம்மா யெகோவாவின் சாட்சி, ரத்தம் ஏற்றிக்கொள்ளாத ஒரு கிறிஸ்தவப் பிரிவு. நான் இல்லை. கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன்தான் என்றாகிவிட்டது. ஸ்கேன், இசிஜி எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. மாட்டிக்கொண்டது அட்மிஷன் கவுண்டரில்.

திருமங்கலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, அம்மாவை வெறும் வயிற்றோடு மதுரைக்குக் கூட்டிப்போனேன். "ரத்தம் கொடுக்க ரெண்டு டோனர் எங்க?" என்றார் கவுண்டர்காரர். அம்மா ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டார் என்றேன். "டோனர் இல்லாம பெட் கிடையாது. நீங்க எடுத்துச் சொல்லுங்க சார்." அம்மா பக்கத்திலேயே நிற்கிறார், தனக்கு ரத்தம் வேண்டாம் என்று எழுதி, சாட்சிக் கையெழுத்தாக இரண்டு பேர் போட்ட அட்டையை நீட்டியபடி. அதைக் கவுண்டர்காரர் கையில்கூட வாங்கவில்லை. எதிர்க்கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினோம்.

பிறகு சபையின் மருத்துவமனைத் தொடர்புக் குழு மூலம் வேறொரு மருத்துவமனை. அங்கே மயக்க டாக்டர் நேராக அம்மாவிடமே பேசினார். முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளணு, தட்டணு, பிளாஸ்மா கூடாது என்பது யெகோவாவின் சாட்சிகள் எல்லோருக்கும் பொது. ஆல்புமின் (பிளாஸ்மாவிலிருந்து பிரிக்கும் ஒரு புரதம்), செல் சேவர் (ஆபரேஷனில் வடியும் சொந்த ரத்தத்தையே சுத்தம் செய்து திருப்பி ஏற்றும் கருவி) போன்றவை அவரவர் மனசாட்சி. அம்மா இதையெல்லாம் யோசித்தே இருக்கவில்லை, திணறிவிட்டார். இதே நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே பேசி எழுதிக்கொண்டு போங்கள்.

ஹீமோகுளோபின் 8.1தான், ரொம்பக் குறைவு. இரும்புச்சத்து டிரிப் 1000 மி.கி., அடுத்த வாரம் 500. உதிரப்போக்கை நிறுத்த ஊசி. ஐந்து வாரத்தில் 11.6! ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தேன்.

படிவத்தில் நர்ஸ் பென்சிலால் டிக் போட்டிருந்தது 'உறவினர் கையொப்பம்' என்ற இடத்தில். டாக்டர் அதை அழித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தார். 'உயிருக்கு ஆபத்து என்றாலும் எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டாம்' என்று அம்மா நிறுத்தி நிறுத்தி எழுதினார். எனக்குக் கை நடுங்கியது.

வெட்கத்தோடு இதையும் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி டாக்டரைத் தனியாகப் பிடித்து, "மயக்கத்துல இருக்கும்போது தேவைப்பட்டா ஏத்திடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றேன். "அவங்க தெளிவா சொல்லிட்டாங்க தம்பி. உங்க கையெழுத்து செல்லாது" என்றார். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதானாம்: மயக்கத்தில் இருந்த மகளுக்காகத் தாய் கொடுத்த சம்மதம் செல்லவில்லை.

ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் போட்டு, ரத்தம் அதிகம் போகாமல் முடித்தார்கள். நான்காம் நாள் வீடு. முதல் இடத்தில் கட்டிய அட்வான்ஸ்தான் இன்னும் வரவில்லை. நாளைக்கு மறுபடி அதே கவுண்டருக்குப் போகணும்.