கோத்தார்ட் பழைய மலைப்பாதை: ஜூலை மாத நாட்குறிப்பு

2025 ஜூலை 11, வெள்ளி, வாசன்

வேலை முடிந்த கையோடு சூரிச்சிலிருந்து புறப்பட்டுவிட்டோம். தெற்கே போகும் விடுமுறைக் கூட்டத்தின் வாகனங்கள் கோஷனனில், ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து போகும் கோத்தார்ட் சாலைச் சுரங்கத்தின் வாசலில் வரிசையாக நிற்பதாக வானொலி சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு கிலோமீட்டர் வரிசைக்குப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது இங்கே வாகனம் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. இந்த முறை மலைக்குள் நுழையாமல், 1830-இல் வண்டிப்பாதையாகக் கட்டிமுடிக்கப்பட்ட பழைய சாலையில் மலைக்கு மேலாகவே போவது என்று பெரியப்பா வந்திறங்கிய அன்றே தீர்மானித்திருந்தோம். அவர் இலங்கையில் மலைநாட்டுப் பாதைகளில் லொறி ஓட்டியவர். சுவிஸில் எதைக் காட்டுவது என்று கேட்டதற்கு, ஏரி வேண்டாம், வளைவுகள் உள்ள பாதை ஒன்றைக் காட்டு என்றார்.

இரவு தங்கல் வாசனில். உயரத்தைச் சிறிது சிறிதாக ஏறுவதற்காக 1882-இல் திறக்கப்பட்ட ரயில்பாதை இங்கே மலைக்குள் சுற்றிச் சுற்றிப் போவதால், ரயிலில் வருகிறவர்கள் இவ்வூர்த் தேவாலயத்தை மூன்று வெவ்வேறு உயரங்களிலிருந்து பார்க்கிறார்கள். சாலையில் வந்த எங்களுக்கு அது ஒரு தடவைதான் கிடைத்தது.

ஜூலை 12, சனி, அண்டர்மட்

கோஷனனைத் தாண்டியதும் ஷொல்லனன் இடுக்கு தொடங்குகிறது. இருபுறமும் செங்குத்தான கருங்கற்பாறை, நடுவே றொய்ஸ் ஆறு. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் மிகக் குறைந்த தூர வழி இதுவென்று நெடுங்காலமாகத் தெரிந்திருந்தும், ஆல்ப்ஸின் மற்றக் கணவாய்கள் சில ரோமர் காலத்திலேயே பெருவழிகளாகிவிட்டபோது கோத்தார்ட் மட்டும் பின்தங்கி நின்றதற்கு இந்தச் சில நூறு மீட்டர் இடுக்குத்தான் காரணம். 13-ஆம் நூற்றாண்டில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு மரப்பாலமும், பாறையில் சங்கிலியால் தொங்கவிட்ட மர நடைபாதை ஒன்றும் அமைந்த பிறகே பொதிக்கழுதைகள் இங்கே நடமாடத் தொடங்கின.

மனிதனால் கட்ட முடியாத இடம் என்பதால் பாலத்தைப் பிசாசின் பேரில் எழுதிவைத்தார்கள். முதலில் கடக்கும் உயிர் எனக்கு என்று பிசாசு கேட்டதாம். ஊரி மாநில மக்கள் ஓர் ஆட்டுக்கடாவை ஓட்டிவிட்டார்களாம். கோபத்தில் பாலத்தை நொறுக்க அது தூக்கிவந்த பாறை கோஷனன் அருகே இன்றும் நிற்கிறது. ஏறக்குறைய 220 தொன் எடையுள்ள அந்தப் பாறை நெடுஞ்சாலை வேலைக்கு இடைஞ்சலாக இருந்ததால், 1977-இல் பெரும் பணம் செலவழித்து 127 மீட்டர் தள்ளி நகர்த்தினார்கள். உடைத்து எறிவது மலிவாக முடிந்திருக்கும். ஒரு கதைக்காக இவ்வளவு செலவா என்று சலித்துக்கொள்கிறவர்களோடு நான் உடன்படமாட்டேன்.

இடுக்கில் இப்போது நிற்பவை 1830-இன் கல்வளைவுப் பாலமும், அதற்கு மேலே 1958-இன் பாலமும். 1595-இல் கட்டிய கற்பாலம் 1888-இல் இடிந்து விழுந்தது. அந்தப் பழைய பாலத்தில்தான் 1799 செப்டெம்பரில் சுவோரவ் தலைமையிலான ரஷ்யப் படை பிரெஞ்சுக்காரரோடு மோதியது. அதன் நினைவாக 1898-இல் பாறையிலேயே குடைந்து அமைத்த பெரிய சிலுவையைச் சாலையிலிருந்து பார்க்கலாம். பெரியப்பாவின் கண் சிலுவையில் நிற்கவில்லை. பாலத்தின் கால்கள் பாறையில் எந்த இடத்தில் ஊன்றியிருக்கின்றன என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து ஊர்னர்லொக். 1708-இல் பியெத்ரோ மொறெத்தீனி குடைந்து முடித்த, 64 மீட்டர் நீளமுள்ள துளை. சங்கிலியில் தொங்கிய நடைபாதைக்கு ஓய்வு கொடுத்தது இதுதான். ஆல்ப்ஸ் சாலைகளில் குடையப்பட்ட முதல் சுரங்கம் இது என்று தெரியாதவர்கள் ஒரு மூச்சில் கடந்துவிடுவார்கள்; பிறகு அகலப்படுத்தியதால் பார்வைக்கும் சாதாரணமாகவே இருக்கிறது. வெளியே வந்தால் இடுக்கு முடிந்து, 1,444 மீட்டர் உயரத்தில் அண்டர்மட் சமவெளி விரிகிறது. பகல் முழுவதும் மழை. மேலே போகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு, ஐரோலோ

ஹொஸ்பன்தாலிலிருந்து கணவாய் வரையான வடக்குச் சரிவு நீண்டு மெல்ல ஏறுகிறது. மரங்கள் சீக்கிரமே நின்றுவிட, புல்லும் பாறையும் ஆங்காங்கே ஆல்ப்ஸ் ரோஜாப் புதர்களும் மட்டும் மிஞ்சுகின்றன. 2,106 மீட்டர் உயரமுள்ள உச்சியில் சிறு ஏரிகளும், பயணிகளுக்காகப் பல நூற்றாண்டுகளாக நடந்துவந்த விடுதியும், அருங்காட்சியகமும், 2020-இல் நிறுவிய ஐந்து காற்றாலைகளும் இருக்கின்றன. இங்கிருந்த தேவாலயத்தை 1230-இல் மிலான் பேராயர் ஹில்டஸ்ஹைம் நகரத்துப் புனித கோத்தார்டின் பேரில் அர்ப்பணித்தார். மலைக்கும் கணவாய்க்கும் அந்தப் பெயரே நிலைத்தது. நாங்கள் போனபோது மூடுபனியில் காற்றாலைகளின் தண்டுகள் மட்டும் தெரிந்தன, இறக்கைகள் தெரியவில்லை.

தெற்கே இறங்க இரண்டு வழிகள். அகலமான புதிய சாலை பாலங்களிலும் கூரையிட்ட பகுதிகளிலும் நழுவி இறங்கிவிடும். விடுதியின் பக்கத்திலிருந்து புறப்படும் பழையதுதான் திரெமோலா. இதற்காகவே வந்தோம்.

நான்கு கிலோமீட்டருக்குள் 24 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் ஏறக்குறைய 300 மீட்டர். திச்சினோ மாநிலப் பொறியியலாளர் பிரான்செஸ்கோ மெஸ்கீனியின் திட்டம் இது. மேலேயிருந்து எட்டிப் பார்த்தால், ஒரு தாங்குசுவரின் அடியிலிருந்து அடுத்த சுவர் தொடங்குவதால், மலைச்சரிவையே கல்லால் படி கட்டியதுபோலத் தோன்றுகிறது. இவ்வளவு வளைவுகளுக்குக் காரணம் குதிரை. பாரவண்டியை இழுக்கும் குதிரை களைத்துவிடாத சரிவு எதுவோ அதைத் தாண்டாமல் பாதை இறங்க வேண்டும்; பள்ளத்தாக்கோ குறுகலானது; ஆகவே நீளத்தையெல்லாம் மடித்து மடித்து அங்கேயே அடுக்கினார்கள். எஞ்சின் வந்த பிறகு கட்டிய புதிய சாலைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் அதில் பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம்.

தரை முழுவதும் கருங்கல். உள்ளங்கையளவு கனசதுரக் கற்களை விசிறிபோல் வளைத்து வளைத்துப் பதித்திருக்கிறார்கள். சக்கரம் படாத ஓரங்களில் இடுக்குகளில் பாசி. ஈரத்தில் கல் கறுத்து மினுங்கியது. முதல் வளைவில் நான் பிரேக்கை அழுத்தியபடியே திரும்புவதைக் கண்டு பெரியப்பா, "பிரேக்கை நெரிக்காதை மோனை, ரெண்டாம் கியரிலை விட்டிட்டு அது தானா இறங்கட்டும்" என்றார். அதன்பின் வண்டி எஞ்சினின் பிடியிலேயே இறங்கியது. ஒவ்வொரு கல்லின் அதிர்வும் ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்தது. மகியங்கனைப் பதினெட்டு வளைவைவிட இது இறுக்கமானது, ஆனால் எதிரே பஸ் வராதபடியால் சுகமானது என்பது அவருடைய தீர்ப்பு.

பாதி இறக்கத்தில் தபால் குதிரை வண்டியைக் கண்டோம். 1842 முதல் நாள்தோறும் ஓடிய இந்தச் சேவையை 1882-இல் ரயில் முடித்துவைத்தது. இப்போது கோடையில் பயணிகளுக்காக அண்டர்மட்டிலிருந்து ஐரோலோ வரை ஓட்டுகிறார்கள். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என ஐந்து குதிரைகள். வளைவில் முன்வரிசை முற்றாகத் திரும்பி எங்களை நோக்கி நிற்கும்போதும் வண்டியின் பின்சக்கரம் மேல்பாதையிலேயே இருந்தது. வளைவுகளின் அகலத்தை எதை வைத்து அளந்தார்கள் என்பது அப்போது விளங்கியது. வண்டி கண்ணுக்கு மறையும்வரை எஞ்சினை நிறுத்திவைத்துவிட்டு நின்றோம். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர்களும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

ஜூலை 14, திங்கள், சூரிச்

காலையில் ஐரோலோ ரயில் நிலையத்தருகே வின்செஞ்சோ வேலாவின் வெண்கலப் புடைப்புச் சிற்பத்தைப் பார்த்தோம். 15 கிலோமீட்டர் ரயில் சுரங்கம் தோண்டியதில் இறந்த தொழிலாளர்களுக்கான நினைவு அது: இறந்தவனைத் தூக்கிச் செல்லும் மனிதர்கள். சம்பளத்துக்கும் சுரங்கத்துக்குள் காற்றோட்டத்துக்குமாக 1875-இல் கோஷனனில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒப்பந்தக்காரர் லூயி பாவ்ரே 1879-இல் சுரங்கத்துக்குள்ளேயே மாரடைப்பால் விழுந்து இறந்தார். நேற்று குதிரை வண்டியைப் பார்த்து மகிழ்ந்த எங்களுக்கு, அந்தப் பாதையை வெறுமையாக்கித் தந்தவர்கள் யார் என்று இங்கே தெரிந்தது.

திரும்பும்போது நேரம் போதாமல், 1980-இல் திறந்த 16.9 கிலோமீட்டர் சாலைச் சுரங்கத்தில் நுழைந்தோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கால் மணி நேரத்துக்குள் கோஷனன் வந்துவிட்டது. பெரியப்பா பாதி வழியிலேயே தூங்கிப்போனார்.

இப்பாதையில் போக எண்ணுகிறவர்களுக்கு: குளிர்காலம் முழுவதும் கணவாய் மூடியிருக்கும், திறக்கும் நாள் பனியைப் பொறுத்தது. முடிந்தால் ஐரோலோவிலிருந்து ஏறுங்கள். இறங்கும்போது ஓட்டுபவரின் கண் அடுத்த வளைவிலேயே நிற்கிறது. ஏறும்போதுதான் தாங்குசுவர்கள் அத்தனையும் முகத்துக்கு நேரே வரும்.